சவிரி விட்ட மூன்றாம் பந்து

போன கிழமை வாய்க்காலிலிருந்து மூன்று ஓவசியர்மார் என்னைப் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் உப்பளத்தை வாய்க்கால் என்றுதான் சொல்வோம். மூவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் ஒரு கொப்பி இருந்தது. எல்லே விளையாட்டில் யார் எத்தனை தரம் பந்தை அடித்தான், எத்தனை தரம் விட்டான் என்று கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும் விட்ட கோடுகள் வரிசையாக நின்றன. அவன் அடித்தால் பந்தைத் தேடித்தான் எடுக்க வேண்டுமாம், ஆனால் அடிக்கிறதைவிட விடுகிறதுதான் அதிகமாம். அவனைக் குழுவிலிருந்து வெட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள்.

"பந்து எறிஞ்சது யார் எண்டு எழுதியிருக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

கொப்பியைப் புரட்டிப் பார்த்தார்கள். அதற்கு அந்தக் கொப்பியில் இடமே விடவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் வாயில் வராதது எல்லாம் மனதில் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். நீட்டி எழுதுகிறேன் என்று அவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, கிழவனிடம் கேள்வி கேட்டவர்கள் அவர்கள்தானே.

எல்லே தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சிலாபப் பக்கத்திலிருந்து உப்புக் காலத்துக்கு வேலைக்கு வரும் சிங்களவர்கள் எங்களுக்குப் பழக்கிய விளையாட்டு அது. ஒரு மூங்கில் தடி, ஒரு பந்து, தூரத்துக்குத் தூரம் நட்ட நாலு கம்பு. அடிக்க வருகிறவனுக்கு மூன்று பந்து கிடைக்கும். ஒன்றையாவது அடித்து, நாலு கம்பையும் சுற்றி ஓடி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். இடையில் ஒரு கம்பில் நின்றுகொண்டு, அடுத்தவன் அடிக்கும்போது மிச்சத்தை ஓடலாம். ஓடும்போது எதிர்ப்பக்கத்தார் பந்தை அவன் மேல் எறிந்து பட்டுவிட்டால் அவுட். மூன்று பந்தையும் விட்டாலும் அவுட். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் எதிரி. எல்லேயில் அப்படியில்லை, எறிகிறவன் சொந்தப் பக்கத்து ஆள். அடிக்கிறவனுக்குத் தோதாக எறிந்து கொடுப்பதுதான் அவன் வேலை.

எங்கள் வாய்க்காலில் எறிகிறவன் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரன் காலத்தில், பெரிய யுத்தம் தொடங்கச் சில வருஷங்களுக்கு முன். புத்தளம் களப்போரத்தில், அதாவது உப்பங்கழிக் கரையில், ஒரு ஹாஜியாருக்குச் சொந்தமான வாய்க்கால். எட்டாம் வகுப்புவரை படித்திருந்தேன். அதனால் கூடை தூக்காமல் நேரே சின்ன ஓவசியராக எடுத்தார்கள், ஆனால் நிரந்தரமில்லை. வேலை பழகிய கதையைச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வருஷம் கால் வெடித்தது, இரண்டாம் வருஷம் கண் கூசுவது பழகியது, மூன்றாம் வருஷம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து நாள் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு மேல் இருந்தவர் பெரிய ஓவசியர் காசிம். எல்லோருக்கும் காசிம் மாமா. ஒல்லியான, நெட்டையான மனிதர். முழங்கால்வரை மடித்த சாரம், கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. வெயிலுக்கும் விரிக்கமாட்டார், மழைக்கும் விரிக்கமாட்டார், வரம்பில் ஊன்றி நடப்பதற்குத்தான் அந்தக் குடை. யாரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கேள்வியையும் இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் கேட்கும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதிலைக் கேட்டுவிட்டு நாலு எட்டு நடப்பார். திரும்பி வந்து அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்பார். இந்தத் தரம் நம் முகத்தைப் பார்ப்பார். "மேல் தொட்டியில தண்ணி எத்தனை நாளா நிக்கிது?" என்று ஒருநாள் கேட்டார். ஆறு நாள் என்றேன். நடந்து போய்த் திரும்பி வந்து மறுபடி கேட்டார். ஏழு நாள் என்றேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வரம்போடு போய்விட்டார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் படிப்பித்த வேலை முறைகளில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். களப்புத் தண்ணீர் முதலில் பெரிய தொட்டிக்கு வரும். அங்கே சில நாள் காய்ந்து தடித்த பிறகு அடுத்த தொட்டிக்கு, அங்கிருந்து உப்பு விளையும் சின்னப் பாத்திகளுக்கு. ஒவ்வொரு மடையிலும் ஒரு பலகை இருக்கும். மேலே நிற்கிறவன் பலகையைத் தூக்குமுன் "தண்ணி!" என்று கூப்பிட வேண்டும். கீழே நிற்கிறவன் "வா!" என்று சொல்ல வேண்டும். அந்த "வா" காதில் விழாமல் பலகையில் கை வைக்கக் கூடாது. முதல் வருஷம் நான் கூப்பிடாமல் ஒருதரம் தூக்கிவிட்டேன். கீழே ஓரம் கட்டிக்கொண்டிருந்த பாத்தியில் காயாத பச்சைத் தண்ணீர் பாய்ந்து, விளைந்து நின்ற உப்பு முழுக்கக் கரைந்து சேறாகிவிட்டது. காசிம் மாமா ஒரு சுரண்டு பலகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சேற்றை நான் தனியே இரண்டு நாள் அள்ளினேன்.

இனி சவிரி. எத்தாளை என்ற மீன்பிடி ஊர் ஆள், கத்தோலிக்கன். என் வயதுதான், ஆனாலும் நான் ஓவசியர் என்பதால் என்னை "நானா", அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். அப்பன், பாட்டன் எல்லோரும் கடலுக்குப் போன குடும்பம். ஆனால் சவிரிக்குத் தோணி ஒத்துவராது. தோணி அலையில் ஏறி இறங்கினால் போதும், குடல் வாய்க்கு வந்துவிடும். எத்தாளையில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்? மாமனார் வீட்டில் பகிடி, கோயில் வாசலில் பகிடி. கலியாணம் முடித்த வருஷமே பெண்சாதி திரேசாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு வந்து கூடை தூக்கினான்.

வாய்க்காலில் உப்புக் காலம் முடிந்து மழை தொடங்கினால் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். குவியல்களைத் தென்னங்கிடுகால் மூடிக் காக்கவும் வரம்பு கட்டவும் ஒரு இருபது பேரைத்தான் மழைக்காலம் முழுக்க வைத்திருப்பார்கள். அந்த இருபது பேருக்கு நிலையாள் என்று பெயர். அவர்களுக்குக் குடிசை உண்டு, வருஷம் முழுக்க வேலை உண்டு. அந்த இருபது பேரில் எல்லே அடிக்கிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஹாஜியாருக்கு எல்லே என்றால் பைத்தியம். கடைசிக் குவியலை மூடுகிற நாளில் பக்கத்து வாய்க்காலோடு எங்களுக்குப் போட்டி நடக்கும். அதில் தோற்றால் ஹாஜியார் ஒரு கிழமைக்கு யாரோடும் கதைக்கமாட்டார்.

சவிரி நிலையாள் ஆனது அவன் அடித்த ஒரே ஒரு அடியால். வந்த வருஷம் சும்மா விளையாடிய ஒரு பின்னேரம் நான் எறிய அவன் அடித்தான். பந்து குவியலுக்கு மேலால் போய்க் களப்பில் விழுந்தது. சிங்களப் பொடியன்மார் "கஹப்பன் மல்லி!" என்று கத்தினார்கள், அடிடா தம்பி என்று அர்த்தம். காசிம் மாமா குடையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் சவிரியின் பெயர் நிலையாள் பட்டியலில் இருந்தது.

அதன் பிறகுதான் சவிரி எப்படிப்பட்ட அடிகாரன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வந்தால் பாதிக்கு மேல் மூன்று பந்தையும் விட்டுவிட்டுப் போவான். மற்றவர்கள் பந்தைப் பார்த்துத் தட்டிவிட்டு ஓடுவார்கள். இவன் தட்டமாட்டான். என் தோள் அசைந்த உடனே தடியைச் சுற்றத் தொடங்கிவிடுவான், பந்து என் கையை விடுமுன்னமே. அவ்வளவு பாரமான சுற்று அது, நடுவில் நிறுத்தவும் ஏலாது, திருப்பவும் ஏலாது. நான் எப்போதும் போல நெஞ்சு உயரத்தில் வேகமாக எறிந்தால், ஒன்று தடியும் பந்தும் ஒரே இடத்தில் சந்திக்கும், இல்லாவிட்டால் நூலளவில் விலகும். சந்தித்தால் களப்புத்தான். விலகினால் அவன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி நிற்பான், எல்லோரும் சிரிப்பார்கள். "கொஞ்சம் மெள்ளமாத் தட்டன் சவிரி" என்று சொல்லாத ஆள் இல்லை. ஒரு வருஷம் அவனும் தட்டிப் பார்த்தான். பந்து காலடியில் விழுந்தது, ஓடுமுன் முதுகில் எறி வாங்கினான். பிறகு பழையபடி சுற்றத் தொடங்கினான். அதில் பிழை ஒன்றுமில்லை. விடுவதும் அந்த அடியில் ஒரு பங்கு. அதை இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நான் சொல்லவந்த போட்டி சவிரி நிலையாள் ஆகி நாலாம் வருஷம் நடந்தது. காய்ந்த பெரிய தொட்டியில் கம்பு நட்டிருந்தார்கள். ஹாஜியார் கதிரையில் இருந்தார், காசிம் மாமா பக்கத்தில் நின்றார். திரேசா மற்றப் பெண்களோடு வரம்பில் நின்றாள், இடுப்பில் பிள்ளை. அந்த வருஷம் உப்பு விளைச்சல் மோசம், நிலையாட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற கதை கிழமைக் கணக்கில் அடிபட்டுக்கொண்டிருந்தது. யாரைக் குறைப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

கடைசி ஆளாகச் சவிரி அடிக்க வந்தான். நாங்கள் ஓர் ஓட்டம் பின்னால். மூன்றாம் கம்பில் எங்கள் ஆள் ஒருவன் நின்றான். சவிரி ஒன்றைச் சரியாக அடித்துவிட்டால் இருவரும் வந்துவிடலாம், வெற்றி.

முதல் பந்து விலகியது. தடி சுற்றிய காற்று எனக்குப் பட்டது. இரண்டாம் பந்து தடியின் நுனியில் உரசிப் பின்னால் போனது, அது அடியில் சேர்த்தியில்லை. மூன்றாம் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உதடு காய்ந்து, கண் சிவந்து, வரம்பில் நின்ற திரேசாவை ஒருதரம் பார்த்துவிட்டுத் தடியை உயர்த்தினான். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக எறிந்தால் பாவம், பட்டுவிடும் என்று நினைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளை எப்போதும் போலத் தூக்கி, பந்தை மட்டும் மெதுவாக, வளைத்து எறிந்தேன்.

சவிரி என் தோளைப் பார்த்துச் சுற்றினான். தடி போய், சுற்றி, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பிறகுதான் பந்து வந்தது. வந்து அவன் வயிற்றில் பட்டுக் காலடியில் விழுந்தது. பக்கத்து வாய்க்கால்காரர்கள் சிரித்த சிரிப்பு பாலாவி ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் ஆட்களிலும் சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்து போய்விட்டார்.

தடியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்த சவிரி ஒன்றுதான் சொன்னான், அதுவும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நானா, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே."

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த காசிம் மாமா எங்கள் இருவரையும் உப்புக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். ஹாஜியாருக்குப் பட்டியல் அன்றே போக வேண்டும். சவிரியின் பெயரை வெட்டச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காசிம் மாமா நீதி பார்க்கிற மனிதர். வெட்டுமுன் ஒன்றை அறிந்துகொள்ள விரும்பினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, மூண்டாம் பந்து சரியா வந்திச்சா?"

"ஓம் மாமா" என்றேன்.

பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த மாசம் என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எறியத் தெரியாமல் எறிந்து தோற்கடித்தான் என்ற பெயரோடு அது நடக்குமா என்று எனக்குள் ஓடியது. கண் மூடித் திறக்குமுன் அந்த "ஓம்" வந்துவிட்டது.

அவர் கொட்டில் வாசல்வரை நடந்தார். திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, மூண்டாம் பந்து சரியா வந்திச்சா?"

"ஓம் மாமா. சரியாத்தான் வந்திச்சு."

பிறகு சவிரியைப் பார்த்து அதே கேள்வி. சவிரி என்னைப் பார்க்கவேயில்லை. "ஓம் ஐயா, சரியா வந்திச்சு. எனக்குத்தான் படல்ல." வாசல்வரை நடந்து வந்து மறுபடி கேட்டார். சவிரி அதையே சொன்னான், ஒரு எழுத்து மாறாமல்.

காசிம் மாமா பட்டியலை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.

விடிந்ததும் எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். சுபஹுத் தொழுகை முடித்து வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாக எறிந்தது, சொல்லாமல் எறிந்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நேத்து ரெண்டு தரம் கேட்டேனே தம்பி" என்றார்.

"பட்டியல மாத்த ஏலாதா மாமா?"

"ஏலும். ஆனா எப்படி மாத்துறது? சவிரியும் ரெண்டு தரம் ஓம் எண்டு சொன்னான். அது மெய்யெண்டா அவன் பந்து விடுறவன். பொய்யெண்டா என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன். ஹாஜியார்ட்ட நான் என்னத்தச் சொல்லி அவனைத் திருப்பி எடுக்க?"

"நானும் பொய்தானே சொன்னேன். அப்ப எனக்கு?"

அவர் குடையைக் கதவில் சாத்தினார். "உனக்கு எழுதப் படிக்கத் தெரியும். வேற ஆள் தேட நேரமில்ல. போய் வேலையைப் பாரு."

அந்த மாசம் என் வேலை நிரந்தரமாயிற்று. காசிம் மாமா நல்லவர்தான், இன்றைக்கும் அதைச் சொல்வேன். ஆனால் அந்தக் காலை அவர் செய்தது அநியாயம். அதற்கு வழி வெட்டிக் கொடுத்தவன் நான். சவிரியும் திரேசாவும் குடிசையைக் காலி பண்ணிக்கொண்டு போன நாளில் நான் மேல் தொட்டியிலேயே நின்றுகொண்டேன், கீழே இறங்கி வரவில்லை.

யுத்தம் வந்தது. உப்புக்குத் தட்டுப்பாடு, ஆட்களுக்கும் தட்டுப்பாடு. ஆகாயத்தில் கப்பல் பறந்ததும் பட்டாளத்துக்காரர் ஊருக்குள் வந்ததும் வேறு கதை. காசிம் மாமாவுக்குக் கண் பூத்துப் போயிற்று, வீட்டோடு இருந்துவிட்டார். பெரிய ஓவசியர் வேலை எனக்குக் கிடைத்தது. நிலையாள் பட்டியல் இப்போது என் கையில். முதல் பெயரை எழுதாமல் இடம் விட்டுவிட்டு எத்தாளைக்குப் போனேன். நான் நேராகப் போய்க் கேட்க வேண்டிய காரியம், ஆள் அனுப்பிச் செய்யக் கூடியதில்லை.

போன நேரம் வெயில் ஏறியிருந்தது. தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. திரேசா வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"கடலுக்குத்தான் போறாரோ?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது? அஞ்சு வருஷமாப் போறார். இண்டைக்கும் கரையில இறங்கி முதல்ல அதைத்தான் செய்வார், பிறகுதான் பிள்ளையளோட கதை. பாருங்கோவன், அந்தா."

பார்த்தேன். தோணியிலிருந்து இறங்கிய சவிரி தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வலையை இழுத்தபடி அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பழகிப் போயிருந்தது அவர்களுக்கு. ஆள் பாதியாய் மெலிந்திருந்தான். அந்தத் தோள் மட்டும் அப்படியே இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, திரேசாவுக்கு முன்னால்.

வாயைக் கழுவிக்கொண்டு வந்தான். கோபம் ஒன்றும் காட்டவில்லை. வாங்கோ நானா என்றான், மணலில் இருந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாளே காசிம் மாமாவிடம் போனதையும் அவர் சொன்னதையும் கூட ஒளிக்கவில்லை.

"நீ ஏன் அண்டைக்கு ஓம் எண்டு சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க முதல்ல ஓம் எண்டுட்டீங்க. ஓவசியர் ஒண்டு சொன்னா, கூடை தூக்குறவன் வேற சொன்னா, யாரை நம்புவாங்க நானா? என்னப் பொய்யன் எண்டும் சொல்லி அனுப்புவாங்க. பந்து விடுறவன் எண்ட பேரோட போறது பரவாயில்ல, அது மெய்தானே."

பொய்யன் என்ற அதே பேச்சைத்தான் காசிம் மாமாவும் பேசினார் என்பதை நினைக்க எனக்குத் தலை நிமிரவில்லை. நிலையாள் வேலை இருக்கிறது, குடிசை இருக்கிறது, நாளைக்கே வரலாம் என்றேன். அவன் கடலைப் பார்த்தான். திரேசா மீனைத் திருப்புவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"எல்லே இப்பவும் இருக்கா?" என்று கேட்டான்.

"ஓம், இருக்கு. உன்னை மாதிரி அடிக்க ஒருத்தனும் இல்ல."

"என்னை மாதிரி விடவும் ஆள் இருக்காது" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"வாறேன் நானா. ஆனா பந்து நீங்க எறியக் கூடாது."

சரி என்றேன். திரேசா அப்போதே எழுந்து, பாதி காய்ந்த மீனைப் பாயோடு சுருட்டத் தொடங்கினாள்.